பதினெட்டாம் நாள்

மகளின் பிரசவம் பார்க்க ஹாம்பர்க் கிளம்பியபோது என் பெட்டியில் துணிமணி குறைவு, மருந்துச் சாமான்தான் அதிகம். சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி, வீட்டிலேயே கிளறிய பிரசவ லேகியம் இரண்டு டப்பா. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூடிக் கொடுத்துவிட்டார்.

பேத்தி பிறந்த அன்று மாலையே மகளை எழுப்பி நடக்கவிட்டார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பச்சை உடம்புக்காரியைத் தரையில் கால் வைக்க விடலாமா? வீட்டுக்கு வந்ததும் என் ஆட்சி ஆரம்பமானது. தலையில் துணிக்கட்டு, காதில் பஞ்சு, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. அதே சமயம் பகலில் தூங்கவும் கூடாது, நீர் கோத்துக்கொள்ளும். படுத்தே இரு, ஆனால் தூங்காதே. என் அம்மா எனக்குச் சொன்னது அதுதான். அதிலுள்ள முரண் அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை, இன்றைக்கும் மகள் சொல்லும்வரை உறைக்கவில்லை.

ஜெர்மனியில் பிரசவமான வீடுகளுக்கு மருத்துவச்சி வந்து பார்ப்பார். ஹெபாமெ என்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டிலேயே அதற்கான செலவு அடங்கிவிடுகிறது. எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயதுக்காரர், சைக்கிளில் வருவார். குழந்தையைத் துணித்தொட்டில் போன்ற தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். மகளின் தலைக்கட்டைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. ஓய்வு நல்லதுதான் என்றார். அவர்கள் மொழியிலும் இந்த நாள்களுக்கு ‘வாரக்கட்டில்’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறதாம். ஆனால் கால் அசைய வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும் என்றார். எங்க ஊர்ல நாப்பது நாள் ஆகும் என்று நான் வாதாடினேன். மகள் மொழிபெயர்த்தாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். ப்ரேமன் பக்கம் ஓவியம் வரைகிற ஒருத்தி இருந்தாள். குழந்தை பெற்ற பிறகு கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. பதினெட்டாம் நாள் எழுந்தாள், அன்றைக்கே போய்விட்டாள். வரைந்ததெல்லாம் பெரும்பாலும் அம்மாக்களும் குழந்தைகளும்தான். ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். போய்ப் பாருங்கள்.”

வெள்ளிக்கிழமை மகளே கிளப்பிவிட்டாள். “ஒரு நாள் வெளிய போயிட்டு வாம்மா. உனக்கும் கொஞ்சம் மூச்சு வேணும். எனக்கும் வேணும்.”

“ஏன் கண்ணு, தலைக்கட்ட அவுத்துருவியா?”

“அவுத்துருவேன்.”

புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். மே மாதம். ஹாம்பர்கிலிருந்து ப்ரேமன்வரை தட்டைப் பூமி, ஒரு கரடுகூடக் கண்ணில் படவில்லை. கோயம்புத்தூர்க்காரிக்கு அடிவானத்தில் மலை இல்லாவிட்டால் திசை தெரியாது. வழியெங்கும் மஞ்சள் பூத்த வயல்கள். கடுகு என்று நினைத்தேன். கடுகின் பங்காளிச் செடி, எண்ணெய்க்காகப் போடுகிறார்களாம்.

ப்ரேமனில் எல்லாரும் முதலில் போகும் இடம் கழுதை, நாய், பூனை, சேவல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிலைதான். கழுதையின் முன்னங்காலைப் பிடித்தால் நினைத்தது நடக்கும் என்பதால் அந்தக் கால் மட்டும் தேய்ந்து மின்னுகிறது. நானும் பிடித்தேன். பிறகு நகரின் பெரிய கலைக்கூடமான குன்ஸ்ட்ஹாலெவுக்கு நடந்தேன். மருத்துவச்சி சொன்ன அந்த ஓவியர், பௌலா மோடர்ஸோன்-பெக்கரைப் பார்க்கும் முன், அவளுக்குப் பாடம் சொன்னவரைப் பார்த்துவிடு என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

(அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 31 வயதில் இறந்தவள். என் மகளுக்கும் 31.)

அந்த ஆசிரியர் ஃப்ரிட்ஸ் மக்கென்ஸென். ப்ரேமனுக்கு வடக்கே சதுப்பு நிலத்தில் இருக்கும் வோர்ப்ஸ்வேடெ கிராமத்தில் 1889இல் சில இளைஞர்கள் ஓவியர் குடியிருப்பு ஒன்றை அமைத்தார்கள். அதில் முன்னோடி அவர். 1892இல் அவர் வரைந்த ‘பால்குடிக் குழந்தை’ இந்தக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சதுப்பில் மண்கட்டிகளை வெட்டி, காயவைத்து, விறகு போல எரிப்பார்கள். அந்தக் கட்டிகளை ஏற்றும் தள்ளுவண்டியில் ஒரு குடியானவப் பெண் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பின்னால் வெட்டவெளி. நம்மைக் கீழே நிறுத்தி அவளை அண்ணாந்து பார்க்க வைக்கிறார் ஓவியர். ‘சதுப்பு நிலத்து மாதா’ என்று இந்தப் படத்துக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு.

கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். அந்த வண்டியை அவளேதான் தள்ளிக்கொண்டு வந்திருப்பாள், பிள்ளை பசியாறியதும் அவளேதான் தள்ளிக்கொண்டு போவாள். படத்தில் அந்தக் களைப்பு எங்கே? மாதா ஆக்கிவிட்டால் கூலி கேட்க மாட்டாள், தூக்கம் கேட்க மாட்டாள். நம்மூர்க் காலண்டர்களிலும் இதே வேலைதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பௌலாவின் அருங்காட்சியகம் சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், பீப்பாய்க்காரர் தெருவில் இருக்கிறது. நூறு மீட்டர் சொச்சம் நீளமுள்ள சந்து. இரண்டு பக்கமும் செங்கல்லைப் பின்னியும் புடைத்தும் அடுக்கிய கட்டடங்கள். மொத்தத் தெருவையும் எழுப்பியவர் லுட்விக் ரோஸேலியுஸ் என்ற காபி வியாபாரி. காபியிலிருந்து கஃபீனை எடுத்துவிட்டு விற்று அதில் பணம் சேர்த்தவர். கஃபீன் இல்லாத காபியை எங்கள் ஊரில் காபி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பணத்தில்தான் 1927இல் உலகிலேயே முதன்முறையாக ஒரு பெண் ஓவியருக்கென்று தனி அருங்காட்சியகம் எழுந்தது. அப்போது பௌலா இறந்து 20 வருடம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோது விற்ற படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வரைந்தவையோ 700க்கும் மேல்.

முதல் மாடியில் ஒரு படத்தின் முன்னால் போய் நின்றேன். நின்றேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதே சரி. ஒரு மீட்டர் உயரம் இருக்கும். இடுப்பில் துணி சுற்றி, மேலே ஒன்றும் இல்லாமல், கழுத்தில் பழுப்புமணி மாலையோடு பௌலா நம்மையே பார்க்கிறாள். ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை கீழே. ஏழாம் மாதக்காரி கண்ணாடி முன் நின்று தன் வயிற்றை அளந்து பார்ப்பாளே, அந்த நிற்பு. மேற்கத்திய ஓவியத்தில் ஒரு பெண் தன்னையே ஆடையின்றி வரைந்துகொண்ட முதல் படம் என்று இதைக் கருதுகிறார்கள். அடியில், தன் 30ஆம் வயதில், ஆறாம் திருமண நாளில் வரைந்ததாக எழுதி, தாய்வீட்டுப் பெயரின் எழுத்துகளை மட்டும் இட்டிருக்கிறாள். மோடர்ஸோன் என்ற புருஷன் பெயர் இல்லை.

தேதி 1906 மே 25. கல்யாணம் நடந்தது 1901 மே 25. கணக்குப் போட்டால் ஐந்துதான் வருகிறது. கல்யாணத்தன்றையே முதல் திருமண நாளாக வைத்து எண்ணியிருக்கிறாள். கணக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

ஆனால் உறுத்த வேண்டிய விஷயம் வேறு. இதை வரைந்தபோது அவள் முழுகாமல் இல்லை. புருஷனை வோர்ப்ஸ்வேடெயில் விட்டுவிட்டு, பிப்ரவரியிலேயே பாரீசுக்குத் தனியாக வந்துவிட்டவள். குழந்தை வேண்டும் என்ற ஏக்கத்தில் வரைந்தாள் என்று சிலர் எழுதுகிறார்கள். வயிற்றில் இருந்தது குழந்தையல்ல, கலை என்று சிலர். எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. அந்தக் கண்ணைப் பார்த்தால், இந்த உடம்பு இப்படியும் ஆகலாம், எப்படி இருக்கும் என்று சட்டை தைக்கும் முன் துணியைத் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. முடிவு அவளுடையது. அந்த நிதானம்தான் ஆச்சரியம்.

நிதானமாக இருக்க அவளை யார் விட்டார்கள்? ஓவியர் ஓட்டோ மோடர்ஸோன் அவளைவிட 11 வயது மூத்தவர். முதல் மனைவி 1900 ஜூனில் இறந்தார், செப்டம்பரில் பௌலாவோடு நிச்சயம். ஓட்டோவுக்கு எல்ஸ்பெத் என்று இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஆக, பௌலா தாயாகும் முன்பே சித்தி. கல்யாணத்துக்கு முன் அவளைப் பெற்றோர் பெர்லினுக்கு அனுப்பினார்கள், ஓவியம் படிக்க அல்ல, சமையல் படிக்க. இரண்டு மாதம் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவள், பயிற்சி முடியும் முன்பே திரும்பிவிட்டாள். இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு, மகள் பொறியியல் முடித்த கையோடு நான் அவளை அடுப்படியில் நிறுத்திய ஒரு மாதம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஓட்டோ கெட்டவரல்ல. மனைவியின் திறமையை அவரளவுக்கு உணர்ந்தவர்கள் அன்றைக்குக் குறைவு. பிரிந்து போனவளுக்குப் பாரீசுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1906 செப்டம்பரில் அவள் தன்னை விட்டுவிடச் சொல்லிக் கடிதம் எழுதினாள். சில நாளில் மனம் மாறி, வாருங்கள் என்று இன்னொரு கடிதம். பணம் இல்லாமல் தனியாக வாழ முடியாது என்பதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். அவர் வந்தார். 1907 வசந்தத்தில் இருவரும் ஊர் திரும்பியபோது படத்தில் இருந்தது நிஜமாகியிருந்தது.

அடுத்த அறையில் ‘படுத்திருக்கும் தாயும் குழந்தையும்’. அதே 1906இல் வரைந்தது. ஒன்றேகால் மீட்டர் அகலம். வெள்ளை விரிப்பில் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். பெரிய உடம்பு, மண்ணின் நிறம். குழந்தை அவளோடு சுருண்டு கிடக்கிறது. இருவர் மேலும் ஒரு நூல் துணி இல்லை. அந்த அம்மணத்தில் காட்டுவதற்கு எதுவும் இல்லை, யாரும் பார்ப்பதாகவே அவளுக்குத் தெரியாது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது, நாம் அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். மேய்ந்துவிட்டுப் படுத்திருக்கும் மாடு போல ஒரு நிறைவு. தாயை மாட்டோடு ஒப்பிடுகிறாயே என்று யாராவது கேட்கலாம். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான், அது எனக்கு வசவு அல்ல.

மக்கென்ஸென் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். பௌலா படுக்கவிட்டாள். நாலு நாளாக மகளைப் படு, தூங்காதே என்று விரட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் படத்தின் முன்னால் கூச்சமாக இருந்தது. அதற்கு அம்மணம் காரணமல்ல.

பிறகு ஆட்சிக்கு வந்த நாஜிகளுக்கு இந்தத் தாய்மார்களைப் பிடிக்கவில்லை. 1936இல் ஹிட்லர் தன் கட்சி மாநாட்டில் பீப்பாய்க்காரர் தெருவின் பெயரைச் சொல்லியே இகழ்ந்தார். 1937இல் ‘சீரழிந்த கலை’ என்ற முத்திரை குத்தி, ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவளுடைய 70 படங்கள்வரை அகற்றினார்கள். அடுத்த வருடம், 1938 டிசம்பரில், அதே அரசு தாய்மார்களுக்குச் சிலுவைப் பதக்கம் அறிவித்தது. நாலு பிள்ளை பெற்றால் வெண்கலம், ஆறு என்றால் வெள்ளி, எட்டு என்றால் தங்கம். இனச் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும். தாய்மையைக் கும்பிட்ட கையும் தாயின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிய கையும் ஒன்றுதான். பதக்கம் குத்த ஒரு மார்பு வேண்டும், அது களைத்துப் படுத்திருக்கக் கூடாது. மாதாவை வரைந்த மக்கென்ஸென் 1934இல் ப்ரேமனில் நாஜிகள் திறந்த ‘நார்டிக்’ கலைப் பள்ளிக்கு முதல் தலைவரானார் என்பதையும் சேர்த்துப் படித்தபோது, காலையில் வந்த சந்தேகம் கொஞ்சம் தடித்தது.

வேஸர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, 670ஆம் எண் பேருந்தில் வோர்ப்ஸ்வேடெக்கு ஏறினேன். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பூர்ச்ச மரங்கள், வெள்ளைத் தண்டு, புதுத்தளிர். நேராக வெட்டிய வாய்க்கால்களில் கறுப்புத் தண்ணீர், நம்மூர்ச் சாயப்பட்டறை நீர் அல்ல, மண்ணே அந்த நிறம். ஊருக்கு நடுவே 54 மீட்டர் மேடு ஒன்றை மலை என்கிறார்கள். மருதமலை அடிவாரத்திலிருந்து வந்தவள் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

மேட்டின் மேல் தேவாலயம். 1900 ஆகஸ்டில் ஒரு நாள் பௌலாவும் அவள் தோழி, சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் இதன் மணிக்கூண்டில் ஏறி ஆசைதீர மணியடித்துவிட்டார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஊரே ஓடிவந்தது. அபராதம் கட்டக் காசில்லாததால் கோயிலுக்கு அலங்கார வேலை செய்து கழித்தார்கள். கிளாரா செய்த குழந்தைத் தேவதைத் தலைகளும் பௌலா தீட்டிய பூக்களும் இன்னும் உள்ளே இருக்கின்றன. இரண்டு குறும்புக்காரிகள். மறுவருடமே இருவருக்கும் கல்யாணம். கிளாராவைக் கட்டியவர் கவிஞர் ரில்கே. மகள் பிறந்து ஒரு வருடம் முடியும் முன்பே குழந்தையைக் கிளாராவின் பெற்றோரிடம் விட்டுவிட்டு இருவரும் பாரீஸ் போனார்கள்.

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளை ஜெர்மானியர் ‘ராபன்முட்டர்’ என்பார்களாம், அண்டங்காக்கை அம்மா. மகள்தான் சொன்னாள். அடுத்த வருடம் அவள் வேலைக்குத் திரும்பும்போது காதில் விழக்கூடிய சொல் என்பதால் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறாள். நமக்கோ காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒரே பறவை, அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி. அண்டங்காக்கை அப்பா என்று ஒரு சொல் உண்டா என்று கேட்டேன். பேச்சில் கேட்டதில்லை என்றாள்.

பௌலாவின் கல்லறை கோயிலை ஒட்டியே இருக்கிறது. பெர்ன்ஹார்ட் ஹோட்கர் செதுக்கிய சிற்பம். பீப்பாய்க்காரர் தெரு அருங்காட்சியகத்தைக் கட்டியவரும் அவரே. பின்னால் சாய்ந்து சரியும் ஒரு பெண், மடியில் குழந்தை. மழையும் பாசியும் ஏறிக் கறுத்திருக்கிறது. பாரீசில் அவள் வேலையைப் பார்த்து நீ பெரிய ஓவியர் என்று மனதாரச் சொன்ன நண்பர்தான் ஹோட்கர். இருந்தும் கல்லில் அவளைத் தூரிகை இல்லாமல், சாகும் தாயாகத்தான் நிறுத்தினார். 18 நாள்தான் தாயாக இருந்தாள், அதற்கு முன் பத்து வருடத்துக்குக் குறையாமல் ஓவியராக இருந்தாள். சிலை பதினெட்டையே எடுத்துக்கொண்டது. நண்பரின் துக்கத்தில் குறை காணக் கூடாதுதான். ஆனாலும் கண்டேன்.

1907 நவம்பர் 2, கடினமான பிரசவம். பெண் குழந்தை, மட்டில்டெ. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். 20ஆம் தேதி எழுந்திருக்கலாம் என்று அனுமதி. தலைவாரிப் பின்னிச் சுற்றிக்கொண்டு, ரோஜா செருகிக்கொண்டாளாம். மெழுகுவர்த்திகளை ஏற்றச் சொல்லி, நாலடி நடந்து வந்து உட்கார்ந்து, குழந்தையைக் கேட்டு வாங்கினாள். உடனே சரிந்தாள். ‘ஷாடெ’ என்றாளாம். ஐயோ, வீணாயிற்றே என்பது போன்ற ஒரு சொல்.

பிரசவக் காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மையோடு இருக்கிறது. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் காலின் ரத்தக் குழாயில் கட்டி உருவாகலாம். எழுந்து நடக்கும்போது அது கிளம்பி நுரையீரலை அடைக்கலாம். இன்று பிரசவமான அன்றே நடக்க வைப்பது அதற்காகத்தான். அன்று அவளைப் படுக்க வைத்தவர்களும் அக்கறையில்தான் வைத்தார்கள். நானும்தான்.

மட்டில்டெ 1998வரை வாழ்ந்தார். நினைவில் முகம் இல்லாத அம்மாவின் படங்களுக்காக 1978இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். ரில்கே, பௌலா இறந்த மறுவருடம் நீண்ட இரங்கற்பா எழுதினார். தலைப்பில் ‘ஒரு தோழி’தான், பெயர் இல்லை.

ஏழு மணி ரயிலில் ஹாம்பர்க் திரும்பினேன். மகளின் தலையில் கட்டு இல்லை. கையில் பிள்ளையோடு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. லேகியத்தை மட்டும் உருட்டிக் கொடுத்தேன், அதை விட்டுக்கொடுக்க முடியாது.

படுத்திருக்கும் தாயின் அஞ்சலட்டை ஒன்று வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். மறுநாள் காலை சம்பந்தியம்மா வீடியோ அழைப்பில் வந்தார். பேத்தியைக் காட்டுவதற்காகக் கைப்பேசியைத் திருப்பியதில் கதவும் சேர்ந்து தெரிந்துவிட்டது.

“அதென்னங்க படம்?”

“இந்த ஊருப் பொண்ணு ஒருத்தி வரைஞ்சதுங்க. அம்மாளும் கொழந்தையும்.”

“மேல ஒண்ணும் இல்லாமயா?”

“படுத்துத் தூங்கறாங்க, அவ்வளவுதானுங்க.”

கண்ணாடியை மூக்கில் ஏற்றி, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பகல்லயா தூங்கறா?” என்றார்.